மண்ணில்லா வெள்ளாமை வந்த வழி

போன தை மாசம் எங்க அக்கா மகன் ஒரு வழுவழு நோட்டீசோட தோட்டத்துக்கு வந்தான். கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். "மாமா, 10 சென்ட் இடம் போதும். மண்ணே வேண்டாம். வேர் அந்தரத்துல தொங்கும், சத்துத் தண்ணியைப் பனி மாதிரி அடிச்சுக்கிட்டே இருந்தா லெட்டூஸ் கீரை அள்ள அள்ள வரும்" அப்படின்னான். பேரு ஏரோபோனிக்ஸ். செலவு 18 லட்சம். அவன் கையில 6 இருக்கு. மீதிக்கு அக்கா பேர்ல இருக்கிற ஒண்ணேகால் ஏக்கர் கறிவேப்பிலைக் காட்டை பேங்குல வைக்கணும். அக்கா என்ன சொல்லுச்சுன்னா, "உங்க மாமன் சரின்னா நான் கையெழுத்துப் போடறேன்." அப்படியே தூக்கி என் தலையில வச்சிருச்சு.

நான் படிச்சது பத்தாவது. கம்பெனிக்காரன் சொல்றதைச் சரியா தப்பான்னு சொல்ற அளவுக்கு நமக்கு அறிவு போதாது. ஆனா ஒரு மாடு வாங்கறதுன்னாலும் அதோட தாயைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிக்கிறோம் இல்லைங்களா? அதே மாதிரி இந்த முறை யாருகிட்டப் பொறந்துச்சு, எதுக்காகப் பொறந்துச்சு, எங்கே பொழைச்சுச்சு, எங்கே பொழைக்கலைன்னு விசாரிக்கலாம்னு உட்கார்ந்தேன். பையனையே செல்லுல தேடிக் குடுக்கச் சொன்னேன். ரெண்டு மாசம் ஆச்சு. நோட்டுல எழுதி வச்சதைத்தான் இங்கே சொல்றேன்.

ஆரம்பம் ஒரு தொட்டியும் ஒரு மரக்கன்றும்தான். இன்னைக்கு பெல்ஜியம்னு சொல்ற நாட்டுல வான் ஹெல்மான்ட்னு ஒரு வைத்தியர் இருந்தார். 200 பவுண்டு காய்ஞ்ச மண்ணைத் தொட்டியில போட்டு 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். 5 வருசம் தண்ணி மட்டும் ஊத்தினார். அப்புறம் மரத்தைப் பிடுங்கி நிறுத்தா 169 பவுண்டுக்கு மேல. மண்ணை மறுபடியும் காயவச்சு நிறுத்தா, குறைஞ்சது வெறும் 2 அவுன்ஸ், நம்ம கணக்குல 60 கிராம் கூட இல்லை. அவர் செத்த பிறகு 1648இல் அவர் மகன் வெளியிட்ட புத்தகத்துல இந்தச் சேதி இருக்கு.

"அப்ப மரம் முழுக்கத் தண்ணியில இருந்துதான் வந்துச்சு" என்று அவர் முடிவு கட்டினார். அது தப்பு. மரத்தோட எடையில பெரும்பங்கு காத்துல இருக்கிற கரியமில வாயுவுல இருந்து வருது. அது அந்தக் காலத்துல யாருக்கும் தெரியாது. ஆனா எனக்கு இந்தக் கதையில பிடிச்சது அந்த 2 அவுன்ஸ்தான். மனுசன் அதைப் பெருசா எடுத்துக்கலை. நாம இன்னைக்குக் கடையில மூட்டை மூட்டையா வாங்கிப் போடற பொட்டாஷ், சூப்பர், நுண்ணூட்டம் எல்லாம் அந்த 2 அவுன்சுக்குள்ள ஒளிஞ்சிருந்த சமாச்சாரம்தான்.

1699இல் லண்டன்ல ஜான் உட்வர்ட் என்பவர் புதினாச் செடியை மண்ணில்லாமல் வெறும் தண்ணியில் வளர்த்துப் பார்த்தார். மழைத்தண்ணி, தேம்ஸ் ஆத்துத் தண்ணி, தோட்ட மண்ணைக் கலக்கின தண்ணின்னு வேற வேற வச்சார். சுத்தமான தண்ணியை விடக் கலங்கின தண்ணியில செடி நல்லா வந்துச்சு. பவானியில புதுத்தண்ணி வர்றப்ப வாழை ஒரே வாரத்துல கருகருன்னு திரும்பறதைப் பார்த்த யாருக்கும் இது ஆச்சரியமா இருக்காது. ஆனா அளந்து எழுதி வச்சவர் அவர்.

அதுக்கப்புறம் 160 வருசம் தாண்டித்தான் அந்தக் கலங்கல்ல என்ன இருக்குன்னு தெளிவாச்சு. 1860 வாக்கில் ஜெர்மனியில் சாக்ஸ், க்னோப் என்று ரெண்டு பேர் உப்புகளைக் கணக்காக் கலந்து, அந்தத் தண்ணியிலேயே செடியை வளர்த்துக் காட்டினார்கள். க்னோப் கலவையில இருந்தது கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் பாஸ்பேட், கொஞ்சம் இரும்பு. இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்ம சொட்டுநீர்ல வென்ச்சுரி வழியா விடற சாமான் அப்படியே இது! எங்க ஊர்ல ஒருத்தர் முதல் வருசம் கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் ஒரே டிரம்முல கெட்டியாக் கரைச்சு, அடியில வெள்ளையாத் தங்கி, லேட்டரல் பூராவும் அடைச்சு, 3 நாள் ஆசிட் விட்டுக் கழுவினார். ரெண்டையும் தனித்தனி டேங்கில் கரைக்கணும்கிறது அந்த ஜெர்மனிக்காரங்க காலத்து ரசாயனம்தான்.

இது எல்லாமே ஆராய்ச்சிக் கண்ணாடிக் குடுவைக்குள்ள நடந்தது. காய்கறி விக்கிறதுக்காக யாரும் செய்யலை. அந்த ஆசை வந்தது அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த கெரிக்கே என்பவருக்கு. 1929இல் இருந்து அவர் தொட்டித் தண்ணியில தக்காளி வளர்த்தார். கொடி 25 அடி உயரம் போச்சு. 1937இல் இதுக்கு ஹைட்ரோபோனிக்ஸ்னு பேர் வச்சார். கிரேக்க மொழியில தண்ணி உழைப்புன்னு அர்த்தமாம். பேரை எடுத்துக் குடுத்தவர் அதே பல்கலைக்கழகத்துல இருந்த செட்செல் என்ற தாவரவியல்காரர்.

பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. உலகத்துப் பசி தீர்ந்தது, மண்ணுக்கு இனி வேலையில்லைங்கிற மாதிரி ஒரே பேச்சு. ஜனங்க பல்கலைக்கழகத்துக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டு செய்முறையைக் கேட்டாங்க. கெரிக்கே கலவைக் கணக்கைக் குடுக்க மாட்டேன்னுட்டார். "நான் கேட்டப்ப கண்ணாடி வீட்டுல எடம் குடுக்கலை, என் சொந்த நேரத்துல வீட்டுல வச்சுச் செஞ்சது, இன்னும் சரி பண்ண வேண்டியது இருக்கு" என்பது அவர் பக்கத்து நியாயம். சண்டை முத்தி அவர் வேலையை விட்டே வெளியே போயிட்டார். 1940இல் தனியாப் புத்தகம் போட்டார்.

அவர் சொன்னது உண்மையான்னு பார்க்கப் பல்கலைக்கழகம் ஹோக்லாந்து, ஆர்னன் என்ற ரெண்டு பேரை உட்கார வச்சது. அவங்க 1938இல் ஒரு சின்ன அறிக்கை போட்டாங்க. நான் இந்த ரெண்டு மாசத்துல தெரிஞ்சுக்கிட்டதுல எனக்கு ரொம்ப உதவினது அதுதான். அதோட சாரம்: தண்ணியில வளர்த்தா விளைச்சல் வரும், சந்தேகமில்லை. ஆனா நல்ல மண்ணுல அதே வெளிச்சம், அதே சீதோஷ்ணம், அதே பண்டுதம் இருந்தா அங்கேயும் கிட்டத்தட்ட அதே விளைச்சல்தான். சத்தை மட்டும் கூட்டிக்கிட்டே போனா விளைச்சல் கூடாது, ஒரு கட்டத்துக்கு மேல வெயில்தான் எல்லை. இன்னைக்கும் உலகம் பூராவும் ஆராய்ச்சிக்கூடத்துல ஹோக்லாந்து கரைசல்னு ஒண்ணை உபயோகிக்கிறாங்க. ஆசையைத் தூண்டிவிட்ட கெரிக்கேயையும் மறக்கலை, அளந்து சொன்ன ஹோக்லாந்தையும் மறக்கலை. ரெண்டு பேரும் வேணும்னுதான் எனக்குத் தோணுது. ஆனா கடன் வாங்கறவன் ரெண்டாவது ஆள் சொன்னதைத்தான் முதல்ல படிக்கணும்.

சரி, அப்ப ஹைட்ரோபோனிக்ஸ் எங்கே ஜெயிச்சது? 1938 வாக்கில் பசிபிக் கடல் நடுவில் வேக் தீவு. பவளப்பாறைத் தீவு, வெள்ளாமை மண்ணே கிடையாது. பான் அமெரிக்கன் விமானம் எண்ணெய் போட இறங்கற இடம். அங்கே பயணிகளுக்குக் காய்கறி தொட்டித் தண்ணியில வளர்த்தாங்க. இரண்டாம் உலகப்போர் கடைசியில அமெரிக்க ராணுவம் அசென்ஷன் தீவுல செஞ்சது, அதுவும் எரிமலைக் கல்லு. 1946இல் ஜப்பானில் சோஃபு என்ற ஊரில் 22 ஹெக்டேர்ல பெரிய பண்ணையே போட்டாங்க. ஜப்பான்ல மண் இல்லாமலா? இருந்துச்சு. ஆனா அங்கத்திய விவசாயிகள் மனிதக் கழிவை எருவாப் போடற வழக்கம், பச்சையாத் தின்கிற காய்ல கிருமி வரும்னு சிப்பாய்களுக்காகத் தனியா வளர்த்தாங்க.

அதே 1946 வாக்கில் நம்ம நாட்டுக்கும் வந்துச்சு. டார்ஜிலிங் மாவட்டம் கலிம்பாங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர், பெரிய பம்பு செட்டு எல்லாம் இல்லாமல் சல்லி, மணலை வச்சே சாதாரண ஜனங்க செய்யற மாதிரி ஒரு முறையை உண்டாக்கி, 1951இல் வங்காள முறைன்னு புத்தகம் போட்டார். சொல்லிக்கறதுக்குப் பெருமைதான். ஆனா நம்ம ஊர் விவசாயி அந்தப் பக்கம் திரும்பலை. கால் வச்ச இடமெல்லாம் மண் இருக்கிறவன் சல்லிக்கல்லை எதுக்குப் பாத்தி கட்டறான்?

இனி பனி அடிக்கிற கதை. இதுக்குத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

தொட்டித் தண்ணியில ஒரு குறை உண்டு. வேர் மூச்சு விடணும். நெல்லு மாதிரி சில பயிரைத் தவிர மத்ததுக்கு வேர் தண்ணியிலேயே கிடந்தா மூச்சு முட்டும். தண்ணிக்குள்ள காத்தை விடணும். அதுக்குப் பதிலா வேரைக் காத்துலயே தொங்கவிட்டுத் தண்ணியைத் துளித்துளியா அடிச்சா? 1911இலேயே ரஷ்யாவில் ஆர்ட்சிகோவ்ஸ்கி என்பவர் வேரைப் பத்திப் படிக்க இப்படித் தெளிச்சு வளர்த்துக் கட்டுரை எழுதியிருக்கார். 1942இல் வால்டர் கார்ட்டர். இவர் ஹவாய்த் தீவுல அன்னாசிச் செடிக்கு மாவுப்பூச்சியால வர்ற வாடல் நோயை ஆராய்ஞ்சவர். மண்ணுல இருந்து பிடுங்கினா வேர் அந்து போகுது, மண்ணு ஒட்டிக்கிது, ஒண்ணும் தெரியலை. பிடுங்காமலே வேரைப் பார்க்கணும்னு நீராவி மாதிரிப் பனிக்குள்ள செடியைத் தொங்கவிட்டார். கட்டுரையோட தலைப்பே வேரைப் பார்க்க வசதியான முறைன்னுதான் இருக்கு. 1944இல் கலிபோர்னியாவில் க்ளாட்ஸ் என்பவர் ஆரஞ்சு வகை, பட்டர் புரூட் வேர் நோயைப் பார்க்க அதையே இன்னும் சுலபமாச் செஞ்சார்.

கவனிச்சீங்களா? ஒருத்தர் கூட விளைச்சலுக்காகச் செய்யலை. எல்லாரும் நோய் பார்க்கிற ஆளுங்க. செடிக்கு ஸ்கேன் எடுக்கிற மாதிரி செஞ்சாங்க. 1957இல் வென்ட் என்ற டச்சுக்காரர் அமெரிக்காவில் காபி, தக்காளிச் செடிகளை இப்படி வளர்த்துக்கிட்டு இருந்தப்ப ஏரோபோனிக்ஸ்னு பேர் வச்சார். காத்து உழைப்பு. பயிர் வளர்ச்சி ஊக்கி ஆக்சினை ஓட்ஸ் முளையில கண்டுபிடிச்ச பெரிய மனுசன் அவர்.

கடைக்கு வந்தது 1983இல். ரிச்சர்ட் ஸ்டோனர் என்ற அமெரிக்கர், கரண்டும் குழாய்த் தண்ணியும் குடுத்தாப் போதும், சின்னக் கம்ப்யூட்டர் சில்லு நேரம் பார்த்துத் தானே பனி அடிக்கும் என்று ஒரு பெட்டியைச் செய்து ஜெனிசிஸ் என்ற பேர்ல வித்தார். கன்று வேர் பிடிக்க வைக்கத்தான் முதல்ல அது ஓடுச்சு. அப்புறம் அமெரிக்க விண்வெளி நிறுவனம் பணம் குடுத்து ஆராய்ச்சி நடந்துச்சு. மேலே மண்ணு தூக்கிட்டுப் போக முடியாது, தண்ணியும் அளந்துதான். நோட்டீசுல ராக்கெட் படம் போட்டிருந்ததுக்குக் காரணம் அதுதான்.

இத்தனையும் படிச்ச பிறகு பையனைக் கூட்டிக்கிட்டு ஒரு பண்ணையைப் பார்க்கப் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். சும்மா சொல்லக்கூடாது, மூடியைத் தூக்கிக் காட்டினப்ப உடம்பு சிலிர்த்துருச்சு. 40 வருசமா மண்ணுக்குள்ள இருக்கிறதை யூகத்துலயே விவசாயம் பண்றவன் நான். வெள்ளை வெளேர்னு, பட்டு நூல் மாதிரி, பொடி வேர் அத்தனையும் அப்படியே தொங்குது.

அப்புறம் கேள்வி கேட்டேன். கரண்டு போனா? ஜெனரேட்டர் இருக்கு. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகலைன்னா? சிரிச்சார். மண்ணுல இருக்கிற செடி ஒரு வாரம் தண்ணி இல்லைன்னாலும் வாடி நின்னு காத்திருக்கும். தொங்கற வேருக்கு அந்தக் கையிருப்பு கிடையாது, வெயில் நேரத்துல மணிக்கணக்குத் தாங்காது. போர்த் தண்ணி உப்பா இருந்தா? ஆர்.ஓ. போடணும், இல்லைன்னா நாசில் கண்ணு அடைச்சுக்கும். சித்திரை வெயில்ல? தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின் தனி. நோட்டீசு 18 லட்சத்துல இந்த மூணும் இல்லை. எங்க தோட்டத்துப் போர்த் தண்ணியில துவைச்ச வேட்டி காய்ஞ்சா அட்டை மாதிரி நிக்கும். பையன் திரும்பி வர்ற வழி பூரா பேசலை.

அவன் மூஞ்சியைப் பார்க்க எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதனால இன்னும் கொஞ்சம் தேடினேன். அப்பத்தான் உருளைக்கிழங்கு வந்து நின்னுச்சு.

இதுல எனக்கொரு சொந்தக் கதை இருக்கு. 1996இல் நானும் எங்க சித்தப்பாவும் கோத்தகிரிக்கு மேல 2 ஏக்கர் குத்தகைக்குப் பிடிச்சு குஃப்ரி ஜோதி போட்டோம். பூவெடுக்கிற சமயத்துல காடு திட்டுத்திட்டா மஞ்சளடிச்சு, செடி குட்டையா நின்னுருச்சு. உரம் பத்தலைன்னு இன்னும் ஒரு மூட்டை போட்டோம். பக்கத்துக் காட்டுக்காரர் வந்து ஒரு செடியை மண்ணோட அலுங்காமத் தோண்டி, வேரைத் தண்ணியில அலசிக் காட்டினார். வேர் பூராவும் குண்டூசித் தலை மாதிரி பொன் நிறத்துல பொடிப் பொடி உருண்டை. பார்க்க அழகா இருந்துச்சுங்க, அதுதான் கொடுமை. நூற்புழுவோட முட்டைக்கூடு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் நூத்துக்கணக்குல முட்டை. கிழங்கு போடாம விட்டாலும் 20 வருசம் கூட மண்ணுக்குள்ள உசுரோட கிடக்கும். போட்ட விதைக்கிழங்கு அளவுக்குக்கூட நாங்க எடுக்கலை. சித்தி தாலிக்கொடி அந்த வருசம் போச்சு.

நீலகிரியில இதை முதல்ல கண்டுபிடிச்சது 1961இல், ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய நூற்புழு ஆராய்ச்சிக்காரர். அதனால நீலகிரி விதைக்கிழங்கு வெளிமாநிலம் போகத் தடை வந்துச்சு. ஊட்டிப் பக்கம் முத்தோரையில 1957இல் இருந்தே மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தோட கிளை இருக்கு. அவங்க இதுக்குத் தாக்குப்பிடிக்கிற குஃப்ரி ஸ்வர்ணா மாதிரி ரகங்களைக் கொண்டு வந்தாங்க. ஆனா 2018இல் என்ன ஆச்சு தெரியுங்களா? இமாச்சல், உத்தரகண்ட், ஜம்மு காஷ்மீர் மண்ணுலயும் இந்தப் புழு இருக்குன்னு அங்கே இருந்தும் விதைக்கிழங்கு வெளியே போக மத்திய அரசு தடை போட்டுச்சு. நாட்டுக்கே விதை குடுத்த மலை அது.

மண்ணே சீக்கா இருந்தா, விதையை மண்ணுல எடுக்க முடியாது. இந்த இடத்துலதான் அந்தரத்துல தொங்கற வேருக்கு வேலை வந்துச்சு. பெரு நாட்டு லிமாவில் இருக்கிற சர்வதேச உருளைக்கிழங்கு மையம் 2000க்கு மேல இந்த முறையில விதைக்கிழங்கு எடுத்து, கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்கெல்லாம் கொண்டு போச்சு. நம்ம சிம்லா ஆராய்ச்சி நிலையமும் அதைச் செஞ்சு, ஹரியானாவுல கர்னால் பக்கம் ஷாம்கட் மையத்துல நடக்குது. 2022இல் மத்தியப் பிரதேச அரசும் குவாலியர்ல வைக்க ஒப்பந்தம் போட்டுச்சு.

நம்ம ஜி-9 வாழை மாதிரி, திசு வளர்ப்புல நோயில்லாத நாத்தை எடுத்து, இருட்டுப் பெட்டி மேல சொருகி வேரைத் தொங்க விடறாங்க. பனியடிக்க அடிக்க, வேரோட சேர்ந்து கொடி ஓடி, நுனியில குட்டிக்கிழங்கு காய்க்குது. மண்ணுன்னா செடியைப் பிடுங்கி ஒரே தடவைதான் எடுக்க முடியும். இங்கே மூடியைத் திறந்து, பருவத்துக்கு வந்ததை மட்டும் மல்லிகைப்பூப் பறிக்கிற மாதிரி பறிச்சுக்கிட்டு மூடிடலாம், மத்தது தொடர்ந்து பெருக்கும். வழக்கமான வலைக்கூடாரத்து முறையில ஒரு நாத்துக்கு 8, 10 குட்டிக்கிழங்கு வர்ற இடத்துல, இதுல 35இல் இருந்து 60 வரைக்கும் எடுக்கலாம்னு சிம்லாக்காரங்க கணக்கு. ஒரு துளி மண்ணு படாததால நூற்புழு ஒட்டிக்கிட்டு வர வழியில்லை.

அந்தக் கிழங்கை யாரும் குழம்புல போடறதில்லை. வலைக்கூடாரத்துக்குள்ள, சுத்தமான மண்ணுல நட்டு, ரெண்டு மூணு தலைமுறை பெருக்கின பிறகுதான் நம்ம மாதிரி ஆளு கைக்கு விதையா வரும். காத்துல பொறந்தாலும் மண்ணுக்குத்தான் வந்து சேருது.

இதையெல்லாம் அக்கா வீட்டுத் திண்ணையில வச்சுச் சொன்னேன். "லெட்டூசுக்குக் கையெழுத்து வேண்டாம்கா. நம்ம மண்ணு நல்லா இருக்கு, தண்ணிதான் உப்பு, வெயிலும் சேராது. நம்மகிட்ட இருக்கிறதை விட்டுட்டு இல்லாததைக் கடன் வாங்கிச் செய்யற வேலை அது" என்றேன். பையன் கோவிச்சுக்கலை. "அப்ப மலையில யாராவது விதைக்கிழங்குக்கு இதைச் செஞ்சா, கூடச் சேரலாமா மாமா?"ன்னு கேட்டான். முத்தோரைக்குப் போயி விசாரிச்சுட்டு வா, அதுவரைக்கும் வேலையை விடாதேன்னு சொல்லியிருக்கேன். வர்ற சனிக்கிழமை கிளம்பறான், நானும் கூடப் போறேன். 1996க்கு அப்புறம் அந்த ரோட்டுல நான் மேலே ஏறினதில்லை.

இன்னொண்ணு. என் ஆசைக்கு, பழைய நீல டிரம்மு ஒண்ணுல ஃபாகர் நாசில், ஒரு சின்னப் பம்பு, டைமர் வச்சு சாளையில ஒரே ஒரு தக்காளிச் செடி தொங்க விட்டிருக்கேன். மொத்தச் செலவு 2,300 ரூபாய். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூடியைத் தூக்கி வேர் எவ்வளவு நீண்டுச்சுன்னு ஸ்கேல் வச்சு அளந்து எழுதறா. முந்தாநேத்து மத்தியானம் கரண்டு போயி முக்கால் மணி நேரம் வரலை. கைத்தெளிப்பானை எடுத்துக்கிட்டு அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவை நான்தான் போயி அடிச்சுக்கிட்டு நின்னேன்.